உங்கள் இத்தாலியச் சைக்கிளைக் காட்டுங்கள் (என்னென்ன பூட்டியிருக்கிறீர்கள் என்பதோடு)

#1 வெண்சாலை, விச்சென்சா

கனநாளாக மற்ற ஆட்களின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் மிச்சம். இந்த முறை என்னுடையதைப் போடுகிறேன்.

கொல்னாகோ மாஸ்டர் ஒலிம்பிக். தொண்ணூறுகளின் நடுவில் கட்டிய இரும்பு. வேலைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டுக் கராஜில் போர்வை போர்த்திக் கிடந்ததை மூன்று வருசமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு நாள் அந்த வீட்டுக் கிழவர் தானாகவே கூப்பிட்டார். முழங்கால் இனி இடம் தராதாம். விலை பேச முதல் ஒரு கோப்பி, பேசி முடித்த பிறகு ஒரு கோப்பி. இடையில் என் கால் நீளத்தை இரண்டு தரம் அளந்தார். அளவு பொருந்தாதவனுக்கு விற்க மாட்டாராம்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கோ. கீழ்க்குழாயை விரலால் சுற்றித் தடவினால் நான்கு பள்ளம் தட்டுப்படும். கொலம்பஸ் கம்பெனிக் குழாயை ஜில்கோ என்ற முறையில் நசுக்கி எடுத்தது. குறுக்கே வெட்டினால் நட்சத்திரப்பழத் துண்டு மாதிரி இருக்கும், முனை மட்டும் ஒன்று குறைவு. வட்டக் குழாயைவிட முறுக்குக்கு நன்றாகத் தாங்கும் என்பது கம்பெனியைத் தொடங்கின எர்னெஸ்டோ கொல்னாகோவின் வாதம். முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க், பிரெசிசா வகை. கால்களை முன்னால் வளைக்காமல் நேராக விட்டு, மேலே கிரௌனில் பொருத்தும் கோணத்திலேயே அந்தச் சாய்வை வைத்துவிட்டார்கள்.

மற்றதெல்லாம் நான் சேர்த்தது. கியர் 2008 கம்பஞோலோ சென்டாவர் 10, அதுவும் இத்தாலிதான், வெள்ளி நிறம், கிராங்க் அல்ட்ரா டார்க். ரெக்கார்ட் ஹப், அம்புரோசியோ ரிம், 32 கம்பி, நானே கட்டினது. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம் சினெல்லி 1ஏ, ஹேண்டில்பாரும் சினெல்லி. சீட் சான் மார்கோ ரோல்ஸ். ரயர் வித்தோரியா கோர்சா 25. குளியலறைத் தராசில் 9.3 கிலோ.

பெடல் மட்டும் ஷிமானோ, ஜப்பான் சாமான். அடிக்க வராதேங்கோ.

ஒரேயொரு தொல்லை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் கீழேயிருந்து ஒரு 'கிறீச்'. வலது கால் இறங்கும்போது மட்டும். யாருக்காவது தெரியுமா?

#2 ஈசிஆர் வெயில், சென்னை

அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு ஆபீசில் பத்து நிமிடம் வேலை ஓடவில்லை. கொல்னாகோவின் பேர்போன சரோன்னி சிவப்புதானே அது?

என்னுடையது டி ரோசா ஐடல், கார்பன். தலைக்குழாயில் அந்தக் குட்டி இதயம் இருக்கிறதே, அதற்காக வாங்கினேன் என்று வீட்டில் சொல்ல முடியாது, எடை, விறைப்பு என்று ஏதேதோ சொல்லி வைத்தேன். ஊகோ டி ரோசா எழுபதுகளில் பெல்ஜிய சாம்பியன் எட்டி மெர்க்ஸுக்கு பிரேம் கட்டிக் கொடுத்தவர். 2023-இல்தான் காலமானார்.

பாகங்கள் ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000, ரிம் பிரேக். இனி திட்ட ஆரம்பிக்கலாம்.

#3 பழைய இரும்பு, கோவை

திட்டவில்லை தம்பி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு கல்யாணத்துக்குப் போகிறவர்களை நான் திட்டுவதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்.

என் கதையைச் சொல்கிறேன். 1986-இல் தறி எந்திரப் பயிற்சிக்காக மில் என்னை பெர்கமோவுக்கு அனுப்பியது. நான்கு மாதம். தங்கிய வீட்டுக்காரரின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுவான், என்னையும் ஒரு வண்டியில் ஏற்றிவிட்டான். ஊர் திரும்பும்போது படிக்காசில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பியாங்கி வாங்கிக்கொண்டேன். செலெஸ்தே நிறம்தான், வேறு என்ன. அந்தப் பச்சையும் நீலமும் கலந்த நிறத்துக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்: மிலான் வானம் என்பார்கள், ஒரு ராணியின் கண் என்பார்கள், மிச்சம் கிடந்த பெயிண்ட் என்பார்கள். என் மனைவி கிளிமூக்கு மாங்காய் என்கிறாள். எனக்கு அதுவே போதும்.

கியர் நுவோவோ ரெக்கார்ட். மாற்றும் கம்பி கீழ்க்குழாயில். முன்னால் 52, 42 பல் சக்கரங்கள், பின்னால் ஆறு பல்சக்கரம். டயர் டியூபுலர், அதாவது டியூபை உள்ளே வைத்துச் சுற்றித் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டுவது. பஞ்சரானால் எங்கே போக? நானே வலித்து எடுத்து, உள்பட்டியை உரித்து, தையலை நான்கு விரல் அகலத்துக்குப் பிரித்து, ஓட்டையை அடைத்து, மெழுகு தேய்த்த நூலால் பழைய துளைகளிலேயே மறுபடி தைப்பேன். தறிக்காரன் கை அல்லவா. ஒரு டயரில் ஐந்து தையல் வரை போட்டிருக்கிறேன். தையல் ஒரு இழை இறுகினாலும் சக்கரம் அந்த இடத்தில் துள்ளும்.

நாற்பது வருடம் ஆகப்போகிறது. பின் டீரெய்லரில் குட்டிச் சக்கரங்கள் இரண்டை மட்டும் மாற்றினேன்.

#4 சிங்கை மிதி

தையல் போட்ட டயரைப் படம் எடுத்துப் போடுங்க ஐயா, இங்கே யாரும் நம்ப மாட்டாங்க.

என் வண்டி புதுசு. பினரெல்லோ டாக்மா எஃப், கியர் ஷிமானோ டியூரா ஏஸ் டிஐ2, போரா வீல் (அது கம்பஞோலோ, பார்த்துக்குங்க). வலம் இடம் ஒரே மாதிரி இருக்காது, செயின் இழுக்கிற பக்கம் குழாயே வேற வடிவம்.

பினரெல்லோ கம்பெனி எப்படி வந்தது தெரியுமா? ஜோவான்னி பினரெல்லோ 1951 ஜிரோவில், அதாவது இத்தாலியைச் சுத்துற பந்தயத்தில், கடைசி ஆள். கடைசியா வர்றவருக்கு அப்போ கறுப்பு ஜெர்சி உண்டு. அடுத்த வருஷம் அணி இவர் இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கணும்னு ஒரு லட்சம் லிரா கொடுத்து விலக்கிடுச்சு. அந்தப் பணத்தில்தான் த்ரெவிசோவில் கடை. போட்டியில் இருந்து நிறுத்தினதுக்குக் கொடுத்த காசில் கட்டின பேர், பின்னாடி இண்டுரைனையும் விக்கின்ஸையும் ஃப்ரூமையும் டூர் டி பிரான்ஸ் ஜெயிக்க வெச்சது.

#5 செயின் கறை, சேலம்

எல்லாம் சரி. அந்த டாக்மாவின் கார்பன் ஆசியாவில் வார்த்தது, பெயிண்ட் இத்தாலியில் அடித்தது. யுஏஇ அணியின் போகாச்சார் 2020-இல் டூர் ஜெயித்த கொல்னாகோ வி3ஆர்எஸ்ஸும் அப்படித்தான். கொல்னாகோவின் கார்பன் வண்டிகளில் சி வரிசையை இத்தாலியிலேயே கட்டுகிறார்கள். கம்பெனியின் பெரும்பங்கே 2020-இலிருந்து அபுதாபிக்காரர்களிடம். பிறகு எதில் இத்தாலி இருக்கிறது? ஸ்டிக்கரிலா?

ஷிமானோ பூட்டியதற்கு அழுகிறவர்களுக்கு: அந்த யுஏஇ அணியே 2023-இல் கேம்பக்னோலோவை விட்டு ஷிமானோவுக்குப் போய்விட்டது. 2024-இல் ஆண்களின் உயர்மட்டப் பிரிவான வேர்ல்ட் டூரில் ஒரு அணிகூட கேம்பக்னோலோ பூட்டவில்லை. பட்டுப்புடவைக்காரர்களே ரப்பர் செருப்புக்கு மாறிவிட்டார்கள்.

#6 பழைய இரும்பு, கோவை

அணிகள் பணம் கொடுக்கிறவன் பாகத்தைப் பூட்டும். நான் என் பணத்தில் பூட்டுகிறேன். இரண்டும் ஒன்றா?

ஸ்டிக்கர் விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

#7 ஈசிஆர் வெயில், சென்னை

எனக்கு ஷிமானோ காதல் எல்லாம் இல்லை. முன்பு இதே பிரேமில் கேம்பக்னோலோ கோரஸ் 11 வைத்திருந்தேன். கட்டை விரல் லீவர் எனக்கு உயிர்: ஒரே தள்ளில் ஐந்து கியர் சின்னதுக்கு இறங்கும், ஒவ்வொன்றுக்கும் டக், டக் என்று விரல் எலும்பில் தெரியும். ஷிமானோவில் அந்தத் தெளிவு இல்லை, வெண்ணெயில் கத்தி மாதிரி போகிறது. பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

விட்டதற்குக் காரணம் வேறு. 11 ஸ்பீடு செயினைப் பூட்ட, பின்னை உள்ளே தள்ளிய பிறகு அதன் முனையை நசுக்கிவிடத் தனிக் கருவி வேண்டும். அதைக்கூட வாங்கிவிட்டேன். ஒரு மழைக்கால வாரத்தில் பின் கேசட்டின் பல் தேய்ந்து செயின் வழுக்க ஆரம்பித்தது. கேசட் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் மகாபலிபுரம் சாலையில் நண்பர்கள் போவதை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். ஆறாவது வாரம் ஷிமானோ. இங்கே எந்தச் சைக்கிள் கடையிலும் அன்றைக்கே கிடைக்கிறது.

கேள்வி ஒன்று. வெண்சாலை, நீங்கள் ஏன் 'கம்பஞோலோ' என்று எழுதுகிறீர்கள்? எழுத்துப்பிழை என்று நினைத்தேன், சிங்கை நண்பரும் அதையே எழுதுகிறார்.

#8 வெண்சாலை, விச்சென்சா

பிழை இல்லை. இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். இத்தாலியனில் ஜி, என் இரண்டு எழுத்தும் சேர்ந்தால் நம்முடைய ஞ. ஆங்கிலக்காரனிடம் அந்த எழுத்து இல்லை, அவன் 'கேம்பக்' என்று உடைத்துக்கொண்டு போகிறான். எங்களிடம் ஞமலிக்கும் ஞாயிறுக்கும் வைத்திருக்கிற எழுத்து சும்மாதானே கிடக்கிறது. பியாங்கியை 'பியாஞ்சி' என்று சொன்னாலும் இவர்களுக்குக் காது வலிக்கும். அந்த விசயத்தில் கோவை ஐயா சரியாக எழுதியிருக்கிறார், பெர்கமோவில் இருந்தவர் அல்லவா.

கம்பெனி இருக்கிற ஊரிலேயே நானும் இருக்கிறேன். துல்லியோ கம்பஞோலோ 1933-இல் இங்கேதான் தொடங்கினார். அதற்கு முந்தின கதை, 1927 நவம்பரில் குரோசே தோனே கணவாயில் பனிக்குள் ஒரு போட்டி, சக்கரத்தைக் கழற்ற வேண்டும், விறைத்த விரலால் வண்ணத்திப்பூச்சி நட்டைத் திருக முடியவில்லை. அங்கேதான் அவருக்கு ஒரு லீவரைத் தட்டிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றும் 'குயிக் ரிலீஸ்' யோசனை வந்தது என்பார்கள். நடந்ததோ, நடந்ததாகச் சொன்னதோ. மேலே நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். கோடையில் போய்ப் படம் எடுத்தேன், எனக்கும் விரல் விறைத்தது, அது ஏறின களைப்பு.

கிறீச் இன்னும் போகவில்லை. நேற்று கொஞ்சம் கூடிவிட்டது.

#9 செயின் கறை, சேலம்

பிபி, அதாவது பாட்டம் பிராக்கெட். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மாஸ்டரில் இத்தாலியன் மரைதானே?

தெரியாதவர்களுக்கு: பெடல் அச்சு சுழலும் அந்தக் குழாய்க்கூட்டில் இரண்டு மரபு. ஆங்கில மரை 68 மிமீ அகலம், வலப்பக்கக் கப் (பேரிங்கைத் தாங்கும் திருகு மூடி) இடது மரை. இத்தாலியன் 70 மிமீ, விட்டம் 36 மிமீ, இரண்டு பக்கமும் வலது மரை. இத்தாலியன் வலப்பக்கக் கப் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலும். ஏன் என்று புரிய ஒரு வளையலை எடுங்கள். அதற்குள் பேனாவை விட்டு, வளையலைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, பேனாவின் தலையை வட்டமாகச் சுற்றுங்கள். நீங்கள் ஒரு திசையில் சுற்றச் சுற்றப் பேனா எதிர்த்திசையில் மெல்ல உருளும். கப்பும் அதே மாதிரி எதிர்ப்பக்கம் ஊர்கிறது. ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்துத்தான் இடது மரை போட்டார்கள். இத்தாலியர்கள் 'இறுக்கமா முடுக்குடா, போதும்' என்று விட்டுவிட்டார்கள்.

கழற்றி, மரையைத் துடைத்து, குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று சுற்றி, 35 நியூட்டன் மீட்டரில் முடுக்குங்கள்.

#10 ஈசிஆர் வெயில், சென்னை

கழற்றும்போது திசையைக் கவனியுங்கள், தயவுசெய்து. டி ரோசாவுக்கு முன் எனக்கு ஒரு பழைய இத்தாலிய இரும்பு வண்டி இருந்தது. ஒரு கடையில் கொடுத்தேன். அங்கிருந்த பையனுக்கு ஆங்கில மரை மட்டுமே பழக்கம். கழற்றுவதாக நினைத்து வலப்பக்கக் கப்பை முடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். வரவில்லை என்று ஸ்பேனரில் ஒரு மீட்டர் இரும்புக் குழாயை மாட்டி ஏறி நின்றிருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது கப்பின் பற்கள் மழுங்கி, கூட்டுக்குள் மரை சுருள் சுருளாக உரிந்து தரையில் கிடந்தது. கண்ணாடிப் பொடி மாதிரி மின்னியது. அவன் மேல் கோபப்படக்கூட வரவில்லை, அவ்வளவு வியர்த்திருந்தான்.

ஆங்கில மரை போனால் இத்தாலியனுக்குப் பெரிதாக வெட்டிக் காப்பாற்றலாம். இத்தாலியன் போனால் வெட்ட அடுத்த அளவு இல்லை. அந்தப் பிரேம் இப்போது மாடியில் ஆணியில் தொங்குகிறது.

#11 பழைய இரும்பு, கோவை

அய்யோ.

அல்ட்ரா டார்க்கில் இன்னொன்றும் பாருங்கள். அச்சு இரண்டு பாதி, நடுவில் பல்லோடு பல் கடித்துச் சேரும், ஒரே போல்ட். அதைத் திறந்து, இடப்பக்கம் ஒரு அலை வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். நெளிந்த மெல்லிய வளையம், பப்படம் பொரித்தால் நெளியுமே அது மாதிரி. அது இல்லாவிட்டால் கிராங்க் பக்கவாட்டில் அசையும்.

#12 சிங்கை மிதி

ஸ்டெம்மும் பார்க்கணும். பழைய சினெல்லி 26.4 மிமீ. வேற கம்பெனி ஹேண்டில்பார் 26.0. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம்தான், ஆனா எழுந்து நின்னு இழுத்தா கத்தும். நீங்க இரண்டும் சினெல்லின்னு சொன்னீங்க, அப்போ அது இல்லை. சரி, விடுங்க.

#13 செயின் கறை, சேலம்

சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், கோவை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 42 பல்லோடு நீங்கள் எந்த மலை ஏறினீர்கள்?

நான் கொல்லிமலை 70 வளைவும் முன்னால் 34 பல், பின்னால் 32 வைத்து ஏறி, ஐம்பதாவது வளைவில் இளநீர்க்காரரிடம் உட்கார்ந்துவிட்டவன். கணக்குப் போட்டேன். கிராங்க் ஒரு சுற்றுக்கு என் வண்டி 2.2 மீட்டர் நகர்கிறது. 42க்கு 26 என்றால் 3.4 மீட்டர். ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு.

#14 பழைய இரும்பு, கோவை

என்னிடம் 26கூட இல்லை தம்பி, 24. மருதமலை அடிவாரம் வரை போவேன். அங்கிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பெர்கமோவில் ஏறினேன் என்றேனே, பாதி வழி தள்ளிக்கொண்டு போனதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

#15 ஈசிஆர் வெயில், சென்னை

:) இந்த இழையிலேயே நேர்மையான பதிவு இதுதான்.

பழைய பாகம் என்றதும் ஞாபகம் வந்தது. டெல்டா பிரேக் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? எண்பதுகளின் கம்பஞோலோ. முக்கோண நகை மாதிரி இருக்குமே. ஒரு ஜோடி விலைக்கு வருகிறது.

#16 வெண்சாலை, விச்சென்சா

கிழவரின் கராஜில் ஒரு ஜோடி இருந்தது, தரமாட்டேன் என்றார், ஓட்ட மட்டும் விட்டார். உள்ளே ஒரு இணைகர வடிவச் சட்டம், வயர் இழுக்க அது விரிந்து கட்டையைத் தள்ளும். அழுத்தினால் வண்டி நிற்காது, நிற்கலாமா என்று யோசிக்கும். வயரை முடுக்க 3.5 மிமீ ஆலன் சாவி வேண்டும், உலகத்தில் வேறு எதற்கும் தேவைப்படாத அளவு. வாங்குங்கோ, அலமாரியில் வையுங்கோ. அந்தப் பிரேக்கை நம்பி இறக்கத்துக்குப் போகவேண்டாம்.

லெரோய்க்காவில் அதைப் பூட்டி வந்த ஒருவரைப் பார்த்தேன். தொஸ்கானாவில் காயோலே என்ற ஊரில் 1997 முதல் நடக்கிற பழைய வண்டி ஓட்டம். 1987க்குப் பிந்தின வண்டிக்குப் பொதுவாக இடமில்லை, கியர் கம்பி கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் வயர் ஹேண்டில்பாருக்கு மேலே வளைந்து தெரிய வேண்டும், பெடலில் தோல் வார். என் மாஸ்டருக்கு வயசு போதாது. நான் வேலி ஓரம் நின்று பார்த்ததுதான். வெள்ளைச் சரளைப் பாதையில் ஆள் போனபிறகு தூசி அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். என் பெயர் அங்கேயிருந்து எடுத்தது. கோவை ஐயாவின் பியாங்கி என்றால் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள்.

#17 பழைய இரும்பு, கோவை

விமானத்தில் போட்டு மறுபடி அங்கேயே கொண்டுபோவதா? வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன். அவள் மாங்காய்க்கு டிக்கெட் எடுப்பாளா என்று தெரியவில்லை.

#18 வெண்சாலை, விச்சென்சா

கிறீச் பற்றிச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க இதே வேலை. பிபி கப் இரண்டையும் கழற்றினேன், திசை பார்த்துத்தான். வலப்பக்கம் இறுக்கமாகத்தான் இருந்தது. துடைத்து, டேப் சுற்றி, 35இல் முடுக்கினேன். அலை வாஷர் இருந்தது. செயின்ரிங் போல்ட் ஐந்தும் கழற்றி கிரீஸ் வைத்தேன். சீட் போஸ்ட் கழற்றித் துடைத்தேன். பெடலும் கழற்றினேன். ஞாயிறு காலை ஏற்றத்தில் எழுந்து நின்றேன். கிறீச்.

அப்படியே கோபத்தில் கிழவரிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் கதிரையைவிட்டு எழும்பவில்லை. வண்டியைப் பிடித்துப் பெடலைக் கையால் அழுத்தச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பின்சக்கர லீவரைக் காட்டினார். ரெக்கார்ட் ஹப்போடு வந்த குயிக் ரிலீஸ். நான் வாங்கின நாளில் இருந்து அதற்குள் ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே அந்தக் குமிழ் சுழல்கிற இடம் துருப்பிடித்துக் காய்ந்து கிடந்தது, சக்கர அச்சு உட்காருகிற டிராப் அவுட்டில் அது பிடிக்கிற முகத்தில் மண். மிதிக்க அச்சு ஒரு மயிரிழை அசைந்திருக்கிறது, சத்தம் குழாய் வழியாக வந்து காலடியில் கேட்டிருக்கிறது.

தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. துணியால் துடைத்துப் பூட்டினேன். இப்போது சத்தமே இல்லை, கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் எனக்குத்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

#19 செயின் கறை, சேலம்

கேம்பக்னோலோ... சரி, கம்பஞோலோ முதன்முதலில் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பொருளே உங்களைக் கத்த வைத்திருக்கிறது. நான் பிபி என்று சத்தியம் செய்ததை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இருந்தால் நல்லது.

#20 பழைய இரும்பு, கோவை

எடுத்தாகிவிட்டது. டயர் தையல் படமும் இத்துடன் வைத்திருக்கிறேன், சிங்கைத் தம்பி கேட்டது. இடப்பக்கத் தையல் 1994-இல் போட்டது, நூல் இன்னும் வெள்ளையாக இருக்கிறது பாருங்கள்.